தலையசைக்காமலே தெரிகிறவள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் தேவலையா? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். கண் போனதிலிருந்து அவருக்குப் பாம்புச் செவி. அதனால்தான் கடிதம்.

நீ முன்னின்று செய்வித்த ஆபரேஷன் வீணாகவில்லை. கண்ணாடியில் இருக்கும் கேமரா, விழித்திரையில் ஒட்டிய சிப்புக்குச் சேதி அனுப்ப, அது கரன்ட் கொடுத்து அவருக்குப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டுகிறது. ஜன்னல் எது, சுவர் எது என்று சொல்லிவிடுகிறார். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டாவிட்டால் எல்லாம் மங்கி மறைந்துவிடுமாம். யார் சொன்னதற்கும் தலையாட்டாத மனுஷன் இப்போது நாள் முழுக்க ஆட்டுகிறார் என்று கேலிகூடச் செய்தேன்.

போன மாதம் ஒருநாள், கண் போன பிறகும் அவர் விடாத தையல் மெஷின் முன்னால், தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "சின்னவ நிக்கிறா" என்றார். உன் தங்கை காய்ச்சலில் போய் எத்தனை வருஷம் ஆகிவிட்டது! அவள் பிறக்கும் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. கவுனுக்கு அளவெடுக்கும் சாக்கில் கையால் தடவித் தெரிந்துகொண்டதுதான். முகம் இப்போதும் தெரியவில்லையாம். ஆனால் தோள் அவள் தோள்தான் என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வருகிறாளாம். அவர் குளிக்கப் போனபோது அந்தக் கண்ணாடியை எடுத்து நானும் மாட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றும் தெரியவில்லை.

கண்ணாடியைப் பழக்கிக் கொடுக்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி அறைக்குக் கூட்டிப்போனேன். கருவியைச் சோதித்த பெண் என்னைத் தனியாக அழைத்து, சிப்பின் ஒரு மூலையில் கரன்ட் கசிகிறது, அந்தப் புள்ளிகளை அணைத்துவிட்டால் மற்றவை வேலை செய்யும், விட்டுவைத்தால் பரவிப் பரவி மிச்ச விழித்திரையும் கெட்டுவிடும் என்றாள். அதுவும் இவர் காதில் விழுந்துவிட்டது. "அவள அணைக்கவா இங்க வந்தேன்?" என்று எழுந்து நடந்தார். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். குளிக்கும் நேரம் தவிர, படுக்கையிலும் கண்ணாடி மூக்கில்தான்.

முந்தாநாள், "வளந்துட்டா" என்றார். பழைய அளவு இனிப் போதாது என்று, பூப்போட்ட துணியை இரண்டு விரற்கடை இறக்கி வெட்டியே விட்டார். அவள் வளரவில்லை, கசிவுதான் பரவுகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை.

டாக்டர் உன்னிடம் சொன்னதும் என்னைத்தான் திட்டினாய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று. சும்மா உட்கார்ந்திருந்தால்கூடத் தேவலையடி. காலையில் எழுந்ததும், "இன்னைக்கு எவ்வளவு உயரம்?" என்று முதலில் கேட்கிறவளே நான்தான். அவர் கையை உயர்த்திக் காட்டுகிறார். அந்தக் கைக்குக் கீழே பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

நீ உடனே கிளம்பி வா. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. குறுக்கே நின்று நான் தடுத்தாலும் கேட்காதே.

நீயாவது நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் இருவரின் அம்மா