அறுநூறு பைகளும் ஒரு மாமியாரும்

ஆகஸ்ட் 3, திங்கள்

மழை நிற்கிற வழியாக இல்லை. என் சிரிப்பும்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். முப்பத்தேழு வயதில் தலைகால் புரியாமல் திரிகிறேன். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவள், நிமிஷம் பிசகாதவள் என்று பெயர். இன்று காலை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைவீதி முழுக்கச் சுற்றி வந்திருக்கிறேன்.

மண்டபத்தில் சாமான் இறங்கிவிட்டது. அரிசி, பருப்பு, மாவு, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் அறுநூறு பேருக்கு. சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் கொடுக்கத் துணிப்பையும் வந்தது. எங்கள் இருவர் பெயர், தேதி, கீழே ‘வந்திருந்து வாழ்த்தியதற்கு நன்றி’. ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மண்டபத்துக்கு விளக்குப் போட ஒயர்மேன் ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தான். ஒயர்மேன் என்றால் என் மாப்பிள்ளைதான். எலக்ட்ரீஷியன், சட்டைப் பையில் பேனா இருக்காது, ஒயர் இருக்கும். “அம்மா?” என்று கேட்டேன். “வரலைன்னுதான் சொல்லுது” என்றான்.

அவன் அம்மா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்க டீச்சர். ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். என்னை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் பிடிக்கவில்லை. பையனைவிட நான்கு வயது மூத்தவள், வாய் வேறு நீளம். இரண்டும் உண்மைதான், இரண்டையும் மாற்ற முடியாது. “வராட்டிப் போகட்டும்” என்றேன். அவன் ஏணியில் ஏறிவிட்டான். சுருக்கென்றது. அவங்க வரணும். ஒரு ஓரமா உட்கார்ந்து என்னை முறைச்சுக்கிட்டிருந்தாலும் போதும்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. டீச்சர் அங்கே, மகன் இங்கே. போன் போகவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

நிவாரண அதிகாரி நம் மண்டபத்துக்கே வந்துவிட்டார். பின்னாலேயே படகுக்காரர், முழங்கால் வரை சேறு. அந்த ஊர்ச் சனம் முழுக்கப் பள்ளிக்கூட மாடியில் இருக்கிறதாம், கிட்டத்தட்ட அறுநூறு பேர், நேற்றிலிருந்து சாப்பாடு இல்லையாம். டீச்சர்? “நல்லா இருக்காங்க. எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருக்காங்க.” ஒயர்மேன் சிரித்தான், அப்படியே அழுதான், மூக்கைச் சிந்தினான். எல்லாம் ஒரே மூச்சில்.

நகரத்திலிருந்து சாப்பாடு வர நாளாகுமாம். அதிகாரியின் கண் எங்கள் அரிசி மூட்டைகள் மேலேயே இருந்தது. பாவம், கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை. “எடுத்துக்கோங்க” என்று நான்தான் சொன்னேன்.

அப்பா என்னை ஓரமாக இழுத்தார். “அப்போ ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரும்ப்பா.”

“நான் அதைக் கேக்கல.”

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் கல்யாணத்தைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். தள்ளிப் போகிற கல்யாணம், டீச்சர் மனசு வைக்காவிட்டால் தள்ளிக்கொண்டே போகும். தெரியும். தெரிந்தும் காலில் சக்கரம் கட்டின மாதிரி ஓடி ஓடி அள்ளினேன். ஆளுக்கு ஒரு பங்கு அரிசி, பருப்பு, எண்ணெய். கட்டிக் கொடுக்க வேறு பை இல்லை. கல்யாணப் பையிலேயே போட்டோம். சாயங்காலம் படகு கிளம்பியபோது எனக்கு வாயெல்லாம் பல்.

ஆகஸ்ட் 6, வியாழன்

படகுக்காரர் காலையில் வந்தார். “டீச்சர் சொன்னதை அப்படியே சொல்றேன், என்மேல கோவிச்சுக்கக் கூடாது” என்றார். டீச்சர் மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அரிசி வந்துச்சு, ரொம்ப சந்தோஷம். அடுப்பெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு, விறகு சொட்டுது. யாரு வந்து ஊதப் போறது, மணப்பொண்ணா?”

ஐயோ. ஐயோ. அதிகாரி, சமையல் மாஸ்டர், அப்பா, நான் — இத்தனை தலை இருந்ததே, ஒரு தலையிலாவது அடுப்பு வந்ததா?

அது மட்டுமில்லை. பையில் ‘வாழ்த்தியதற்கு நன்றி’ என்று இருக்கிறதே, வாழ்த்தாமல் வாங்கினால் நன்றாக இருக்காது என்று சனம் வரிசையில் நின்று டீச்சரை வாழ்த்தியிருக்கிறது. “உங்க வீட்டுக் கல்யாணச் சாப்பாடு டீச்சர், மகராசியா இருக்கணும்” என்று கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக. கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்ற மனுஷி அறுநூறு பேருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டதாம். ஒயர்மேன் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலி.

உடனே சமையல். மாஸ்டர் கல்யாணத்துக்குத் தவிர வேறெதற்கும் கரண்டி பிடிக்காதவர். “எத்தனை பந்தி?” என்றார். “பந்தியெல்லாம் இல்ல மாஸ்டர், படகுதான்.” காதிலேயே வாங்கவில்லை. சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் வைத்து, காரம் தூக்கலாகப் போட்டு அனுப்பினார்.

சாயங்காலம் படகுக்காரர் மறுபடி இடுப்பில் கை. “படகு ஆடின ஆட்டத்துல எல்லாம் ஒரே குழம்பா வந்து சேந்துச்சு. அது பரவாயில்ல. மிளகாயை யாரு போட்டது? இங்க குடிதண்ணி அளந்து குடுக்கிறேன். ஒரு வாய் சாப்பிட்டவன் ரெண்டு டம்ளர் கேக்கிறான்.”

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். “மிளகாய் இல்லாததுக்குப் பேரு சாப்பாடே இல்ல.” நான் மிளகாய்ச் சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். நாளையிலிருந்து ரொட்டி, அவித்த முட்டை, உப்புக் கிழங்கு. படகுக்காரரிடம் நானும் ஒன்று சொல்லி அனுப்பினேன்: “காரம் என்னோட தப்பு இல்ல. குழம்பும் இல்ல. அடுப்பு மட்டும் என்னோட தப்பு.”

ஆகஸ்ட் 7, வெள்ளி

படகு போய்ச் சேரவில்லை. ஆறு இன்னும் ஏறிவிட்டது. போன படகு பாதியில் திரும்பியது.

ரொட்டி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. முட்டையை இந்தப் பக்கத்து முகாமில் கொடுத்தோம். ஒயர்மேன் கரையில் போய் நின்றுகொண்டான். கூப்பிட்டால் வரவில்லை. “அம்மா மத்தவங்களுக்குக் குடுத்துட்டுத்தான் சாப்பிடும். இன்னைக்கு குடுக்கவே ஒண்ணும் இல்லையே” என்றான்.

வராட்டிப் போகட்டும்னு சொன்ன வாய் இது. எனக்கு அவங்க வேணும். சண்டை போடுறதுக்காவது வேணும். நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8, சனி

போய் வந்தேன். நானே.

காலையில் தண்ணீர் இறங்கியது. சுமை தூக்குகிற ஆளுக்குக் காய்ச்சல். “நான் தூக்குறேன்” என்று ஏறிவிட்டேன். அதிகாரி என் கையைப் பார்த்தார். “டிப்போவில டயர் உருட்டியிருக்கேன் சார்” என்றேன். அது பொய். ஒயர்மேனையும் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார்.

பள்ளிக்கூடத்தின் மாடிப்படி பாதி தண்ணீரில். மேல் படியில் ஒல்லியாக ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பி இல்லை, நூல் கட்டியிருந்தது. ஒயர்மேன் காட்டிய போட்டோவில் பார்த்த முகம்தான்.

“ரொட்டி முதல்ல மேல் அறைக்கு. வயசானவங்க அங்கதான். யாரு நீ, புதுசா?”

பெயரைச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “ஓ. மிளகாய்க்காரியா” என்றார்கள்.

“அது மாஸ்டர், டீச்சர்.”

“பேசாம தூக்கு.”

தூக்கினேன். அவர்கள் கொடுக்க, நான் எடுத்து நீட்ட, அறை அறையாகப் போனோம். கைக்குழந்தைகளுக்குப் பால் பவுடர் வந்திருக்கிறது என்றதும் ஒரு அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாரும் கல்யாணப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்கள். “பொண்ணு வந்தாச்சு, பொண்ணு வந்தாச்சு” என்று மாடி முழுக்க ஒரே கூச்சல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் முறைத்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசி ஆள் வாங்கிய பிறகுதான் டீச்சர் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்கள். நேற்று முழுக்கப் பட்டினி, கேட்டால் சொல்ல மாட்டார்கள். பாதி ரொட்டி தீர்ந்ததும் நிமிர்ந்தார்கள். “உப்பு சரியா இருக்கு.”

பிறகு, என்னைப் பார்க்காமலேயே: “பையில நாளைக்குத் தேதி போட்டிருக்கு. கண்டவன் எல்லாம் எத்தனை மணிக்குன்னு என்கிட்ட கேக்கிறான். நான் என்ன பதில் சொல்ல?”

“உங்க பையன் அந்தப் பக்கம்ல இருக்கான்.”

“பொண்ணு வந்த படகு அவனுக்கு வராதா?”

நான் தடுமாறினேன். “உங்களுக்குச் சம்மதமா டீச்சர்?”

“ஊரு கேக்குதுன்னு சொன்னேன். படகு நிக்குது பாரு, போ.”

சம்மதமா, இல்லையா? வழி முழுக்க அதையே யோசித்தேன். ஊருக்காகத்தான். சரி. ஊர் நன்றாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று பெரிய படகு. ஏற்றியது: ரொட்டி, முட்டை, குடிதண்ணீர், பால் பவுடர், அப்பா, மாஸ்டர், மாப்பிள்ளை. நிவாரணப் படகில் பயணிகள் கூடாது என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டதால் எல்லாரும் சுமை தூக்கத்தான் ஏறினோம். அப்பா ஒரு தட்டு முட்டையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கச் சுமந்தார்.

கல்யாணம் ஆனது. ஏழாம் வகுப்பு அறையில், பெஞ்சு மேல் நின்றுகொண்டு, அத்தனை சனமும் பார்க்க. டீச்சர் வந்தார்கள், வராமல் எங்கே போவார்கள், அவர்கள் இருக்கிற இடத்துக்கே அல்லவா கல்யாணம் வந்துவிட்டது. மகன் தலையைத் தடவினார்கள். என்னிடம் “இந்தா, இதைப் பிடி” என்றார்கள். மூட்டையைப் பிடித்தேன்.

சந்தோஷமா இருக்கேன். சந்தோஷமா இருக்கேன். வேற ஒண்ணும் எழுத வரல.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

டிப்போவுக்கு லீவு சொல்லி அனுப்பியாகிவிட்டது. நான் இங்கேயே மாடியில். ஒயர்மேனை மின்கம்பம் நிமிர்த்த அக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். புது மாப்பிள்ளை அங்கே, நானும் மாமியாரும் இங்கே ஒரே பாயில். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? டீச்சர் என்னை “இந்தாம்மா” என்கிறார்கள். முன்பு “நீ”. முன்னேற்றமா, பின்னடைவா?

ஆகஸ்ட் 14, வெள்ளி

நகரத்திலிருந்து முதல் படகு வந்தது. படகில் வந்தவர் புது ஆள். கூடைகளை வாங்க நான்தான் படியிறங்கினேன். அவர் தர மாட்டேன் என்றார். “டீச்சர் வீட்டு ஆளுங்ககிட்டதான் குடுக்கணும்னு உத்தரவு. நீங்க யாரு?”

இத்தனை நாள் ஓயாத வாய், அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது. கல்யாணப் பையில் இருக்கும் என் பெயரைக் காட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மாடி ஜன்னலிலிருந்து டீச்சர் குரல். “அவகிட்ட குடுப்பா. நம்ம வீட்டுப் பொண்ணுதான்.”

முட்டைக் கூடையை வாங்கினேன். கை நழுவி இரண்டு உடைந்தது. அதற்கும் மேலேயிருந்து திட்டு விழுந்தது.