வறண்ட போரில் ஊற்றிய தண்ணீர்

கார்வேட்டிநகரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

என் செல்ல மகள் ஈவ்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், முட்டி மட்டும் மழைக்காலம் வந்தால் தன் பெயரைச் சொல்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மோனிகாவும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் ஸ்வீட்டிக்கு ஸ்ரீ சிட்டியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போது அவளுக்குக் கீழே ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள், கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறதாம். அவள் தம்பி ஜோனத்தான் பத்தாவதில் அவன் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தான், கணக்கில் நூற்றுக்கு நூறு, அதோடு சித்தூரில் நடந்த வேதாகம வசனப் போட்டியிலும் கோப்பை வாங்கினான், அதை என் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மோனிகா பனியில் சறுக்கி மெடல் வாங்கிய செய்தியை இன்று சபையில் சொன்னேன், பாஸ்டர் ஐயரின் வீட்டம்மா, பனியில் எதற்குச் சறுக்க வேண்டும், அடிபடாதா என்று கேட்டார்கள், அது அங்கே விளையாட்டு என்று நானே விளக்கம் கொடுத்தேன். உன் வேலையைப் பற்றியும் சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் சாப்பிட்டாயா மாத்திரை போட்டாயா என்பதற்குள்ளேயே யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இது அப்படிப் பாதியில் விடுகிற விஷயம் இல்லை. உன் அண்ணன் இஸ்ரேல் உனக்கு ஒரு பேப்பர் அனுப்பியிருப்பான், வீட்டையும் பின்னால் இருக்கிற நிலத்தையும் விற்க உன் கையெழுத்து வேண்டும் என்று. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் போர்க் கிணறு வற்றி இரண்டு கோடை ஆகிவிட்டது, டேங்கர் வருகிற நாளில் நான் குடத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தண்ணி இல்லாத ஊர்ல யாருக்காகம்மா குந்திக்கினு இருக்கிற, என்னோட திருப்பதிக்கு வந்துடு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னான். மருமகளும் நல்லவள்தான். ஆனால் போன முறை அங்கே ஒரு வாரம் இருந்தேன், காலையில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், கதவைச் சாத்திக்கோங்க அத்தே என்பாள், அப்புறம் சாயந்தரம் வரைக்கும் மூன்றாவது மாடியில் நானும் பிரிட்ஜ் ஓடுகிற சத்தமும்தான். இங்கேயும் தனியாகத்தான் இருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. உன் நைனா போன பிறகு ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிற அளவு எனக்கு இன்னும் கைக்கு வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. ஆனாலும் இங்கே என்றால் பக்கத்து நிலத்துப் பாலையா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு சண்டையாவது போடுவான்.

இப்படிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் திருப்பதியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. முரளி என்று ஒரு சார், பவ்யா என்று ஒரு பெண், கூட நான்கு பேர், ஒரு வேன். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு வறண்ட போர் வேண்டுமாம், ஒன்றுக்குள் கருவியை இறக்கி பாறையைத் தட்டுவார்களாம், அந்த அதிர்வு அலையாகப் போய் அடுத்த போரில் தொங்குகிற காது மாதிரியான கருவிகளுக்குக் கேட்குமாம், அதை வைத்து நடுவில் பாறை எப்படி இருக்கிறது, தண்ணீர் ஓடுகிற வெடிப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்களாம். அந்தப் பெண்ணை முழுசாகச் சொல்லவே விடவில்லை. அம்மாடி, இதைத்தானே என் மகள் கனடாவில் செய்கிறாள் என்றேன். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் பூமிக்குள் வெடி வைக்கிற வேலை என்றுதான் சொல்லி வந்தேன், அதைக் கேட்டுச் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததும் உண்டு. முரளி சார் ஆச்சரியப்பட்டு உன் பெயரைக் கேட்டார், பெருமையாகச் சொன்னேன், எந்தக் கருவி வைத்துச் செய்கிறாள் என்று கேட்டார், விழித்தேன். நம் போரில் தட்டுகிற கருவி, பாலையா போரில் காதுகள் என்று முடிவாயிற்று. இஸ்ரேலிடம் போனில் சொன்னேன், இவர்கள் தண்ணீர் இருக்கிறது என்றால் நான் இங்கேயே இருக்கிறேன், இல்லை என்றால் அறுப்பின் பண்டிகை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று. அவனும் சரி என்றான்.

இனி நடந்ததைக் கேள். கருவி பேசுவதற்கும் காதுகள் கேட்பதற்கும் போருக்குள் தண்ணீர் நிற்க வேண்டுமாம், அதனால் போன வாரம் சனிக்கிழமை டேங்கர் கொண்டுவந்து இரண்டு போரிலும் மடமடவென்று ஊற்றினார்கள். ஊரே கூடிவிட்டது. போர்ல இருந்து தண்ணி எடுக்கறத பாத்திருக்கோம், போர்ல தண்ணி ஊத்தறத இப்பதான் பாக்கறோம், படிச்சவங்க வேலையே தனி என்று குடத்தோடு வந்த பெண்கள் எல்லாம் வயிற்றெரிச்சலோடு சிரித்தார்கள். எனக்கே அந்தத் தண்ணீர் உள்ளே போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஞாயிறு அவர்களுக்கு லீவு. திங்கள் காலை வந்து கயிறு விட்டு அளந்தால் நம் போரில் ஊற்றினது அப்படியே நிற்கிறது, பாலையா போரில் மட்டும் நாற்பது அடி இறங்கியிருக்கிறது. முரளி சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மா, நல்ல வெடிப்பு இருந்தால்தான் இவ்வளவு தண்ணீரைக் குடிக்கும், குடிக்கிற வெடிப்பு மழைக்காலத்தில் கொடுக்கவும் செய்யும் என்றார். நான் உடனே இஸ்ரேலைக் கூப்பிட்டேன், பாத்தியாடா, நான் எங்கேயும் வரமாட்டேன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், வேனில் இருந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிளறிக் கொடுத்தேன். மத்தியானம் பவ்யா கை கழுவ அந்தப் பக்கம் போனவள், பாலையாவின் மாங்கன்றுகளைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தாள். கன்றுக்குக் கன்று பாத்தியில் ஈரம், சேறு இன்னும் காயவில்லை. ஞாயிறு நாங்கள் சபையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பழைய மோட்டாரை இறக்கி இழுத்திருக்கிறான். கேட்டால் ஒளிக்கவே இல்லை. இன்னா அக்கா இது, கைபம்புல தண்ணி வரலன்னா மேல ஒரு குடம் ஊத்தி அடிக்கறோமே, அதுமாதிரி போருக்கும் ஊத்தறாங்கன்னு நெனச்சேன், மோட்டார் போட்டேன், ஜில்லுனு வந்துச்சு, நம்ம தேவுடு கண்ணத் தொறந்துட்டாருன்னு ரத்னம்மாவக் கூப்டு ரெண்டு பேரும் அழுதோம் அக்கா என்றான். ரத்னம்மா அவன் பெண்சாதி. பக்கத்திலேயே நின்றவள், அப்பவே நான் சொன்னேன் டேங்கர் வாசனை வருதுன்னு, இந்த மனுசன் கேட்டாதானே என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து இஸ்ரேலுக்கு மறுபடி போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, அப்போது சிரிப்பு வரவில்லை. அவன் சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுபடி டேங்கர் வந்தது. இந்தத் தடவை ரத்னம்மாவே காவலுக்கு உட்கார்ந்தாள். செவ்வாய் முழுக்கத் தட்டினார்கள். கருவியை அடிவரை இறக்கி ஒரு தட்டு, கொஞ்சம் மேலே இழுத்து ஒரு தட்டு, இப்படியே. நான் பெரிய சத்தம் வரும் என்று காதில் அடைக்கப் பஞ்சு எல்லாம் எடுத்து வைத்திருந்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. பவ்யா என் கையைப் பிடித்து போரின் இரும்புக் குழாய்மேல் வைத்தாள். அவ்வா, இப்போ பாருங்க என்றாள், சொந்தப் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. உள்ளே தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். நீ வயிற்றில் இருக்கும்போது உதைத்தாயே, கிட்டத்தட்ட அது மாதிரி. நாள் பூராவும் என் மகள் செய்கிற வேலை இதுதானா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், முட்டி வலித்தும் நகரவில்லை. ரோட்டில் கரும்பு லாரி போகிறதே, அந்த அதிர்வும் உங்கள் காதுக்குக் கேட்குமே, எது உங்கள் தட்டு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாங்கள் தட்டின நேரம் எங்களுக்குத் தெரியும் அவ்வா, அதிலிருந்து காத்துக்கொண்டே இருப்போம், மறுபடி மறுபடி தட்டுவோம், லாரி ஒரு தடவை வரும் போய்விடும், நம்முடையது ஒவ்வொரு தடவையும் வரும் என்றாள். நல்ல பெண். மத்தியானம் களியும் வேர்க்கடலைச் சட்னியும் போட்டேன், உன்னைப் போலவே சட்னியைத்தான் அதிகம் தின்றாள்.

நேற்று படம் கொண்டுவந்து காட்டினார்கள். நம் போர் ஒரு பக்கம், பாலையா போர் ஒரு பக்கம், நடுவில் நல்ல பாறைக்குச் சிவப்பு, அதில் சாய்வாக ஒரு நீலப் பட்டை. அந்த இடத்தைத் தாண்டுகிற அலை மட்டும் லேட்டாக வருகிறதாம். பாறை நொறுங்கி நடுவில் தண்ணீர் இருந்தால் அப்படித்தான் லேட்டாகுமாம். உன் நைனா தோண்டினது அதற்கு இந்தப் பக்கம் தவறிப்போயிற்று, பாலையா நம்மைப் பார்த்துப் போட்டிக்குத் தோண்டினது அந்தப் பக்கம் தவறிப்போயிற்று. பட்டை சரியாக இரண்டு நிலத்துக்கும் நடுவில் வேலிக்குக் கீழே போகிறது. ஆனால் முரளி சார் சத்தியம் செய்யவில்லை, களிமண் அடைத்த வெடிப்பாகவும் இருக்கலாம், அங்கே ஒரு போர் இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இஸ்ரேலோ, இருக்கலாம்னா இல்லன்னுதான்மா அர்த்தம், தங்கச்சி கையெழுத்து வந்ததும் முடிச்சிடலாம் என்கிறான். சாயந்தரம் பார்த்தால் பாலையா கடப்பாரையோடு வந்து வேலிக் கல்லில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், இந்த வேலி ஓரத்துக்காக எத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறோம், உனக்கே தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு போடலாம் அக்கா, வந்தா பாதிப்பாதி, வரலன்னா சேர்ந்து அழலாம், நீ போய்ட்டா நான் யாரோட சண்ட போடறது என்றான். சரிடா, போடலாம் என்றேன், அவனுக்கு முன்னால் நான் அழவில்லை.

ஆகையால் மகளே, இரண்டு காரியம். பண்டிகை முடிந்து போர் வண்டி வருகிறது, அதுவரைக்கும் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. தண்ணீர் இல்லாமல் மண்தூள்தான் வந்தது என்றால் நானே போன் பண்ணிச் சொல்வேன், அன்றைக்கே போடு, ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். இன்னொன்று, பவ்யா அந்தப் படத்தை ஜோனத்தான் போனுக்கு அனுப்பியிருக்கிறாள், அவன் உனக்கு அனுப்புவான். உன் வேலை இது, நீ உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துச் சொல். தண்ணீர் இல்லை என்று உனக்குத் தோன்றினால், அம்மா பாவம் என்று நினைத்து, இருக்கிறது என்று மாற்றிச் சொல்லாதே. நான் அஞ்சாவது வரை படித்தவள்தான், ஆனால் நீ பொய் சொன்னால் குரலிலேயே தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன நேரத்துக்குப் போன் வராவிட்டால் இத்தனை நாள் எனக்கு என்னென்னவோ தோன்றும், மறந்துவிட்டாளோ, என்னிடம் பேச இனி என்ன இருக்கிறது என்று. இனி அப்படி நினைக்கமாட்டேன். லேட்டாக வருகிற இடத்தில்தான் தண்ணீர் இருக்கிறது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். நீ லேட்டாகவே கூப்பிடு, நான் காத்திருக்கிறேன். ஆனால் கூப்பிடு.

குளிரில் காதை மூடிக்கொள், மாப்பிள்ளைக்கு என் அன்பு. மோனிகாவுக்கு ஆயாவின் முத்தம், தமிழில் நாலு வார்த்தை கற்றுக்கொடு, போனில் நான் பேசினால் அது சிரிக்கத்தான் செய்கிறது. நீ போகிற இடத்திலும் வருகிற இடத்திலும் கர்த்தர் உனக்கு முன்னால் நடப்பாராக, உன் கை தொடுகிற வேலையெல்லாம் வாய்க்கட்டும். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

கடைசியாக, பவ்யா உன் போட்டோவைப் பார்க்க ஆசைப்பட்டாள், சுவரில் இருக்கிற பட்டம் வாங்கின போட்டோவைக் காட்டினேன். இதில் சின்னப் பெண்ணாக இருக்காங்களே அவ்வா என்றாள். இவ்வளவு வருஷத்தில் நீ எப்படி ஆகியிருக்கிறாய் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, நீ கருவி இறக்குகிற துளைக்குப் பக்கத்தில் நின்று ஒன்று எடு. போனில் வேண்டாம், அது அடுத்த படம் வந்ததும் மேலே போய்விடுகிறது. கழுவி, போஸ்டில் அனுப்பு. இந்த விலாசத்துக்கே அனுப்பு.

உன் அம்மா,
லோயிஸ் கிருபானந்தம்