பப்படப் படம்

அப்பு மோனே,

ஆண்டவர் கிருபையால் அம்மா இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறேன், நீயும் மஸ்கட்டில் உண்டு உறங்கி உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் எடுத்தவுடனே நீ, அம்மா இன்றைக்கு அழுதாயா என்றுதான் முதலில் கேட்கிறாய், அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. உன் கூட்டாளி ஸ்டெனி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறான், அவன் கையில் ஏத்தங்காய் சிப்ஸும் நம் கொடியில் காய்த்த நல்லமிளகும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். நாலாங்கிளாஸ்காரி எழுத்து, நிதானமாக வாசி.

மழை இந்த வருஷம் விடவில்லை, கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் இல்லை என்று எஸ்டேட் பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். அப்பா இருந்தால், மழை பெய்தால் வெட்டு இல்லை, நமக்குப் படம் என்று சொல்லியிருப்பார். அந்தக் கல்யாண வீட்டுப் படம் உனக்கு மறந்திருக்காது. சமையல்காரன் ஓடிப்போய், மாப்பிள்ளைப் பையனே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பந்தியில் விளம்புவானே, பெண்ணின் அப்பா ஆள் தெரியாமல் பப்படம் கேட்டு அவனைத் திட்டுவாரே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து சோறு தின்றால் அந்த சிடியைத்தான் போடுவார். ஒரே படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பியோ என்று நீ கேட்டதற்கு, ஏலே, வேதபுஸ்தகமும் ஒரே புஸ்தகந்தான், அத நாம வருஷாவருஷம் வாசிக்கல்லியா என்று சொன்னார். அது உபதேசியார் ஞானசிங் காதுக்குப் போய், மறுவாரம் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அப்பாவுக்குத் திட்டு கிடைத்தது. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து அதே படத்தைத்தான் போட்டார்.

அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று யாரோ டிவியின் மேல் போர்வையைப் போட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒருத்தரும் டிவியைப் போடாதே என்று சொல்லவில்லை, ஒருத்தரும் போடு என்றும் சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று நான் பயந்தது கொஞ்சந்தான் மோனே. அந்தப் படத்தைப் போட்டுச் சிரிப்பு வராமல் போய்விட்டால் பிறகு என்ன செய்வேன் என்றுதான் பெரிய பயம். ஆள் போனார், அந்தப் படமும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்து நான் என்ன செய்ய. அதனால் போர்வையை எடுக்காமலே இருந்தேன்.

நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மத்தியானம், அடுத்த வீட்டுத் தங்கபாய் அக்காவின் மருமகள் ஷைஜா சக்கைப்பழச் சுளை கொண்டுவந்தாள். என்ன நினைத்தாளோ, போர்வையை எடுத்து உதறினாள், டிவிக்குப் பின்னால் பல்லி முட்டை கிடந்தது. சிடி ஓடவில்லை, அவள் போனில் என்னமோ பண்ணி டிவியில் அந்தப் படத்தையே வரவழைத்துவிட்டு, இருந்து பாருங்க மாமி, எனக்குப் பிள்ளைய குளிப்பாட்டணும் என்று போய்விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். பாதிப் படம் வரைக்கும் கல்லு மாதிரி இருந்தேன். அப்பா சிரிக்கிற இடமெல்லாம் வந்து வந்து போனது, எனக்கு ஒன்றும் வரவில்லை. சரிதான், இதுவும் போயாச்சு என்று அணைக்க எழும்பினேன். அப்போது அந்தப் பெண்ணின் அப்பா, எலையில மூணு பப்படம் கெடந்தது, ஒண்ண எவன்டே எடுத்தான் என்று கேட்க, மாப்பிள்ளைப் பையன் வாய் நிறையப் பப்படத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாது என்று தலையாட்டுகிறான். எங்கிருந்து வந்ததோ தெரியாது, சிரிப்பு பொட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. வெளியே கேட்கக்கூடாது என்று சேலைத்தலைப்பை வாயில் திணித்தேன், அது இன்னும் மோசமாகி ஊளைச் சத்தம் மாதிரி ஆயிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

அன்றைக்கு நாலு மணிக்குத் தங்கபாய் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். என் சத்தத்தைக் கேட்டு, எம்மா, ராகேலு நெஞ்சு பொட்டி அழுகா என்று அக்கா விளித்துக் கூவ, உபதேசியாரும் ஆறேழு பெண்களும் வேதபுஸ்தகத்தோடு ஓடிவந்து வாசலில் நின்று ஆறுதல் பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பாடப்பாட எனக்கு இன்னும் சிரிப்பு. மூன்றாம் சரணத்தில்தான் கதவைத் திறந்தேன். அக்கா என் முகத்தையும் டிவியையும் பார்த்து, ஏட்டி, நீ அழல்லியா என்றாள். இல்லக்கா, சிரிச்சேன் என்றேன். பாட்டு அப்படியே நின்றது. எல்லாரும் உபதேசியார் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்பா பேரைச் சொல்லி, இது ராஜையன் பாக்குற படமாக்கும், இல்லியா, கொஞ்சம் பின்னால கொண்டுபோய்ப் போட முடியுமா, அவன் சொல்லிச் சிரிக்கிற அந்தப் பப்படத்த நான் கண்டதில்ல என்றார். ஷைஜா வந்து பின்னால் போட்டாள். எல்லாரும் பாயில் இருந்து முழுதும் பார்த்தார்கள். கடைசியில் உபதேசியார் ஜெபித்தது மொத்தம் இரண்டு நிமிஷம், அதற்குள்ளும் நடுவில் ஒரு தடவை சிரித்துவிட்டார். அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் கோபம், ஓடிவந்ததில் ஒரு செருப்பு வாய்க்காலில் போயிற்று.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வருகிறார்கள், கிழங்கும் மீன்கறியும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். வேறே படம் போடுங்க மாமி என்று ஷைஜா சொல்கிறாள், யாரும் சம்மதிக்கவில்லை. ஆகையால் நான் தனியாகக் கிடக்கிறேன் என்று நீ அங்கே இருந்து மனசுக்குள் நீறவேண்டாம். என்னை மஸ்கட்டுக்கு வரச்சொல்லி இனி கேட்காதே, லீவுக்கு நீ வா.

கர்த்தர் உன்னைக் கண்ணின் மணியைப்போலக் காப்பார். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் வேலைக்கு இறங்காதே, ஸ்டெனியிடம் சிப்ஸ் டப்பாவைக் கேட்டு வாங்கு, அவன் பாதியைத் தின்றுவிடுவான்.

உன்னை நினைத்து ஜெபிக்கும் அம்மா,
ராகேல்

ஒன்றை எழுதாமல் விடப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. டிவிக்கு முன்னால் அப்பா வழக்கமாக இருந்து பார்க்கிற நாற்காலியை நான் மாற்றவில்லை, வருகிறவர்களும் அதைத் தொடாமல் கீழேதான் இருப்பார்கள். போன ஞாயிறு ஆள் கூடிவிட்டது, தங்கபாய் அக்காவுக்கு முழங்கால் வலி, நேரே போய் அதில் இருந்துவிட்டாள். அது அப்பா நாற்காலி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் படத்தில் பந்தி வந்துவிட்டது, அக்கா அதில் சாய்ந்து கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள், பார்த்து நானும் சிரித்துவிட்டேன். வருகிற ஞாயிறும் அவள் அதில்தான் இருப்பாள். நான் அவளை எழும்பச் சொல்லியிருக்க வேண்டுமா, மக்கா?