மாமாவுக்கு இளநீர் ஆகாது

சோறும் பருப்புக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். பால் வந்தால் காய்ச்சி வையுங்கள். உங்கள் அப்பாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

கிட்னி பழுது, இளநீரே கூடாதென்று டாக்டர் போன மாசமே உங்களிடம் சொல்லியிருக்கிறார். நேற்று ஊசி போட வந்த நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயிலுக்கு நல்லதென்று தினமும் நான்தானே வாங்கிக் கொடுத்தேன்? போனில் கேட்டால், "அதெல்லாம் ஒனக்கு என்னத்துக்கு" என்கிறீர்கள். குளிப்பாட்டித் துடைப்பது நான், விவரம் மட்டும் உங்களுக்கா? இனி டாக்டரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

வனிதா

மாமாவிடம் சொல்லி அழுதேன். "நீ தாகத்துக்குத் தந்தம்மா. அவன் தெரிஞ்சுல்லா பேசாம இருந்திருக்கான்" என்றார்கள். உங்களை வர வேண்டாம் என்று எழுதச் சொன்னதும் அவர்கள்தான்.