நஸ்ரின் ஓடினாள், காதர்

பழவேற்காட்டு இறாலையும் என் வாயையும் ஒருசேரச் சமாளித்த என் அருமைக் காதருக்கு,

நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உன் மனைவி மும்தாஜ் வைக்கும் குழம்பு அப்படி. இதை என் ஊட்டுக்காரி கனவுல வந்து போட்டுக் குடுத்துடாதே.

அன்றைக்கு உன் இறால் கொட்டகையில் நடந்தது ஞாபகம் இருக்கா? உன் மகள் நஸ்ரினுக்கு மறுபடியும் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. சட்டைக்கு மேலேயே தெரிந்தது. நான் ஏரியைப் பார்த்து "ஆட்டோ! ஆட்டோ!" என்று கத்திக்கொண்டிருந்தேன். நீயோ பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி அவள் முகத்தில் அப்பினாய். கொஞ்ச நேரத்தில் சட்டென்று அடங்கியது. பிள்ளை மேல்தான் நாளெல்லாம் இறால் வாசனை.

சென்னை டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "முகத்துல குளிர்ச்சி பட்டா இந்த வகைத் துடிப்பு சில சமயம் நிக்கும். யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார். கைக்கு அதான் வந்துச்சு" என்றாய்.

இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதை ஒன்று பிறவியிலேயே கூடுதலாக இருக்கிறதாம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி விட்டு அதைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். நீ உடனே சரி என்றாய், மும்தாஜ் மாட்டேன் என்றாள். அந்த வழக்கு முடிவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. இன்னா அவசரம் உனக்கு?

"அவரும் இல்ல. இருக்கறது இது ஒண்ணு. இது நெஞ்சுல சூடு வெக்கச் சொல்றியாண்ணா?" என்றாள் மும்தாஜ். நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் முந்திக்கொண்டாள். "வாப்பா சரின்னாரும்மா. எனக்கும் சரி. எல்லாரும் ஓடறாங்க, நான் மட்டும் பை காத்துக்கினு உக்காந்திருக்கேன்."

அதற்குமேல் மும்தாஜ் தடுக்கவில்லை; போன மாதம் செய்தார்கள். அந்த டாக்டரை என்னவென்று சொல்ல! துடிப்பை அவரே வேண்டுமென்று கிளப்பிவிட்டு, அது ஓடுகிற வழியைப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் சுட்டிருக்கிறார். நெஞ்சில் ஒரு கீறல் இல்லை, காதர்! அப்புறம் காலை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும். காவலுக்கு என்னை வைத்தார்கள்.

"மாமா, சிரிப்பு காட்டாத, கால் ஆடுது."

நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். என் நகைச்சுவைக்கு இதுவரை கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

நேற்று கடற்கரையில் அவளை ஓட விட்டோம். முதலில் மெதுவாக, அப்புறம் காற்று மாதிரி. சுனாமிக்குப் பிறகு மணலில் கால் வைக்காத மும்தாஜ் செருப்பை உதறிவிட்டுப் பின்னால் ஓடினாள். அவளுக்கும் பின்னால் என் தொப்பை, அதற்கும் பின்னால் நான்.

மும்தாஜ் மகளைப் பிடித்து நெஞ்சில் கை வைத்தாள். தடதடவென்று அடித்தது. பிறகு, ஐஸ் இல்லாமல், ஆட்டோ இல்லாமல், அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

"அவ்ளோதாம்மா" என்றாள் நஸ்ரின்.

மும்தாஜ் கையை எடுக்கவே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன் காதரு, இனி அவள் ஓடும்போது "மெள்ள, மெள்ள" என்று நான் கத்த மாட்டேன். மும்தாஜையும் கத்த விட மாட்டேன்.

என்றும் உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் தணிகாசலம்