லண்டன் காலில் அரை விநாடி

1974 ஜூன் 2, ஞாயிறு
புழுக்கம். காற்றே இல்லை. நாலு மணிக்கு எதிர்வீட்டு டாக்டர் மாமா ஆத்து டெலிபோனில் லண்டன் கால். சுந்தர். எனக்குப் பார்த்திருக்கிற வரன், இன்ஜினீயர். போட்டோ மட்டும் பார்த்திருக்கிறேன். அப்பாதான் பேசினார். அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவாம். ஆனால் அப்பா முகம் சரியில்லை.

"எதைக் கேட்டாலும் முழிச்சுட்டுதான் பதில் சொல்றான். சிகரெட் உண்டான்னேன். டக்குனு இல்லைன்னு வர வேண்டாமோ? எதையோ மறைக்கறான்."

அம்மா: "அப்போ வேண்டாம்னு எழுதிடுங்கோ."

என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்
டாக்டர் மாமா ஆத்தில் டெலிபோன் ரிப்பேர். லண்டன் காலில் பதில் தாமதமாக வருமா என்று லைன்மேனைக் கேட்டேன்.

"டில்லி கால்ல இப்டி ஆவாதும்மா. லண்டனுக்கு ஆகாசத்துல ஒரு சாட்டிலைட்டு கீது. குரலு அங்க ஏறி அப்பால எறங்குது. டயம் ஆவும்ல?"

"எவ்வளவு உயரம்?"

"அத்த யாரும்மா ஏறிப் பார்த்தாங்க?"

ஜூன் 5, புதன்
லைப்ரரி. மூன்று புத்தகம். உயரம் சுமார் 36,000 கி.மீ. பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று. அதனால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். டெலிபோன், தந்தி, டி.வி. படம் எல்லாம் அது வழியே போகும். (நம்மூரில் டி.வி.யே இன்னும் வரவில்லை!)

கேள்வி ஏறி இறங்க கால் விநாடி. பதிலுக்கும் அதே. மொத்தம் அரை. அவர் முழிக்கவே இல்லை!

எங்கள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் லெக்சரரும் அங்கே இருந்தார். எம்.எஸ்ஸி. சேர்ந்தால் இதையே படிக்கலாம் என்றார். அதற்கப்புறம் வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ரயில்வே ஆபீஸிலிருந்து வந்த அப்பா என் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். "அப்போ பையன் யோக்கியன்தானா?"

"அது இந்தக் கணக்குல வராதுப்பா."

ஜூன் 9, ஞாயிறு
மறுபடி லண்டன் கால். இந்தத் தடவை நான். "நான் ஒண்ணுன்னா நீங்க உடனே ரெண்டுன்னு சொல்லுங்கோ" என்றேன். இருபது வரை போனோம். டாக்டர் மாமா நாடி பார்க்கும் வாட்சைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் நானும் ஆத்தில் எண்ணியதைவிட ஐந்து விநாடி கூட. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் தாமதமாகத்தான் வந்தது. பிடித்திருந்தது.

பிறகு கேட்டேன். "ரெண்டு வருஷம் எம்.எஸ்ஸி. படிச்சுட்டு வரட்டுமா?"

அரை விநாடி. இன்னொன்று. இன்னும்.

"ஹலோ?"

"இருக்கேன். அம்மாவைக் கேட்டுச் சொல்றேனே."

"நீங்க என்ன நினைக்கறேள்?"

"படிச்சு என்ன பண்ணப்போறே?"

"தெரியலை. தெரிஞ்சுக்கத்தான் படிக்கணும்."

வெளியே வந்ததும் அப்பா, "தப்பு என் மேலதான். நல்ல பையன்" என்றார்.

"நல்லவர்தான்ப்பா. எனக்கு வேண்டாம்."

காய்கறி வாங்க என்று அப்பா குளத்துப் பக்கம் நடந்தார். நானும் கூடவே. காய் வாங்கவே இல்லை.

ஜூன் 10, திங்கள்
தூறல். அம்மா காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தை எழுதி அப்பா முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"அந்த சாட்டிலைட் விழாம எப்படிடி நிக்கறது?"

பழைய கவரின் பின்புறம் பூமி வரைந்தேன், சுற்றி ஒரு பெரிய வட்டம். விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டு வேகத்தில் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே என்றேன். புரிந்ததா தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, எங்க கையெழுத்து?"