ஏரிச் சீட்டில் உன் பேர்

ஏரிக்கரைக் குப்பம்,
கும்மிடிப்பூண்டி தாலுகா,
18-6-1978

அன்பு மகன் குப்புராஜுக்கு நைனா தேசப்பன் எழுதிக்கொள்வது. கங்கையம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் சுகம்தான். நீயும் மருமகள் சின்னப்பொண்ணும் பிள்ளைகளும் பம்பாயில் சவுக்கியம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டோம். அங்கே மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஏரி வற்றி ஓரமெல்லாம் சேறு. எனக்கு வலது தோள் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. பொன்னேரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு இனிமேல் படகுக் கோலையும் வலையையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். தொடாவிட்டால் சோறு யார் போடுவது என்று அவரிடம் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. முன்பெல்லாம் உழைத்தால் அலுப்பு, இப்போது சும்மா உட்கார்ந்தாலே அலுப்பாக இருக்கிறது.

உன் தம்பி திருமலையின் கம்பெனி வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், அதைத்தான் எழுத வந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கிற கம்பெனியில் ஆள் எடுக்கிறவர் வடநாட்டு அதிகாரி, தமிழ் தெரியாது, நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் போதும் என்றார்கள். தம்பி பெண்சாதி கனகாம்பாள் பத்தாவது வரை படித்தவள் அல்லவா, அவளே வாத்தியார் ஆகிவிட்டாள். நேற்று நடந்தது நாளைக்கு நடக்கப்போவது எல்லாம் வோணாம் மாமா, தெனமும் இன்னா செய்றேன்னு மட்டும் சொல்லு, அது வந்தாலே போதும் என்று அடுப்பு ஊதிக்கொண்டே அவனுக்குப் பாடம் எடுத்தாள். ஐ கெட் அப், ஐ வாஷ் மை ஃபேஸ், ஐ கோ டு தி லேக் என்று இவன் வலை பழுது பார்த்துக்கொண்டே கத்துவான். ஐ கோ, ஆனால் ஹி கோஸ் என்று அவள் திருத்தினால், அவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு வாலு என்று சண்டைக்குப் போவான். பக்கத்து வீட்டு பூவம்மாள் எட்டிப் பார்த்து, கோழி எழுந்து மேய்ஞ்சிட்டு வந்து படுத்துக்கிச்சு, இவன் இன்னும் எழுந்தபாடில்லையே என்று கேலி செய்வாள். இருந்தாலும் நன்றாகத்தான் படித்தான், தூக்கத்திலும் அதையே சொன்னான்.

அந்த அதிகாரி தினமும் என்ன செய்கிறாய் என்று கேட்டாராம், இவன் தடுமாறாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். உடம்பு சரியில்லாத அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். ஐ ஸ்டே ஹோம், மை ஃபாதர் கோஸ், ஹி டஸ் மை ஒர்க் என்றானாம். அப்பாவுக்கும் முடியாவிட்டால் என்றதற்கு மை ஒய்ஃப்ஸ் பிரதர் கம்ஸ் என்று சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம், நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று இவனும் சிரித்திருக்கிறான். வெளியே வந்தபோது அங்கே இருந்த குமாஸ்தா, உன்ன ஒருத்தன வேலைக்கு வச்சா ஊரே வந்து நிக்கும் போலக்கீதே என்றானாம். அப்போதும் இவனுக்குப் புரியவில்லை. தன்னால் முடியாத அன்று தன் முறைக்கு ஆள் அனுப்பாதவனைத்தான் நம் ஊரில் பொறுப்பில்லாதவன் என்கிறோம், கம்பெனியில் அது தலைகீழாம். இவனோடு போன எளாவூர்ப் பையன்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இவனைக் கூப்பிடவில்லை. கனகாம்பாள் தான்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அழுகிறாள், மாசமாக வேறு இருக்கிறாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதற்கு நடுவில் ஏரியில் பாடு, அதாவது வலை போடும் முறை, பிரிக்கச் சீட்டுப் போடும் நாள் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பேர்தான், சீட்டில் விழுந்த நாளில் விழுந்த இடத்தில் வலை போட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததில்லை. உன் கல்யாணத்தின்போது என் பேரை எடுத்துவிட்டு உன் பேரைப் போட்டேன். நீ பம்பாய் போன பிறகு உன் முறைக்கு நானும் திருமலையும் போய்வந்தோம், நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த வருஷம் வந்துவிடுகிறேன் என்று எழுதினாய், நானும் அதையே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் ஊர்த்தலைவர் பச்சையப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு நாள் ரெண்டு நாளுன்னா மாத்தாளு சரி, ஆளே ஊர்ல இல்லாம இன்னா மாத்தாளு, பெரிய பேஜாரா கீது தேசப்பா, இவனா அவனான்னு ஒரு பேர சொல்லிடு, இல்லாங்காட்டி உங்க ஊட்டு பாடே பூடும் என்றார். ஒருதரம் அடித்த பேரை மறுபடி சேர்க்க முடியாது என்பதையும் சொன்னார். உனக்கு எழுதிப் பதில் வாங்க அவகாசம் இல்லை. அவகாசம் இருந்தாலும் நீ என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

கோயில் முன்னால் வழக்கம்போல் பேர் கூப்பிட்டார்கள். உன் பேர் வரும்போது எழுந்து நின்று, நீ இருக்கிறாய் என்று தெரிய, கீறான் என்று வருஷா வருஷம் நான்தான் குரல் கொடுப்பேன். இந்தத் தடவை குப்புராஜ் என்று கூப்பிட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து உன் அம்மா அஞ்சம்மாள், கீறான், எம்புள்ள நல்லா கீறான் என்று கத்தினாள். அங்கே பெண்கள் வாய் திறப்பது இல்லை, ஆனால் ஒருவரும் அவளை அதட்டவில்லை. பச்சையப்பன் என் முகத்தைப் பார்த்தார். நான் திருமலை என்று சொன்னேன். உன் பேரை அடித்துவிட்டு அவன் பேரை எழுதினார்கள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். செத்தவன் பேரத்தானய்யா அடிப்பாங்க, உசுரோட கீற புள்ள பேர அடிச்சிட்டு வந்துட்டியே என்று ஒரே ஒரு முறை கேட்டாள். உன் தம்பி மேல் கோபப்படாதே, அவன் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்க்காமலே வலையை எடுத்துக்கொண்டு போகிறான்.

இனிமேல் அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுத வேண்டாம் குப்புராஜ். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் அழைத்துக்கொண்டு வா, உங்களுக்குச் சோறும் உண்டு, படுக்க இடமும் உண்டு. ஏரியில்தான் இல்லை. அங்கேயே நிலையாக இரு, இருக்கிற வேலையை விட்டுவிடாதே, மழைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. உனக்கும் சின்னப்பொண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்க மாட்டாள், என் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. இந்தக் கடிதம் கண்டதும் அம்மா பேருக்குத் தனியாக நாலு வரி எழுது. மறந்துவிடாதே. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் அம்மா என்று எழுது, கனகாம்பாள் சத்தமாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
தேசப்பன்